மழலையர் படநூலும் அரக்கர் நிறமும்

நான்கு அகவை நிரம்பாத குழந்தைக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும். தாயின் மடியில் அமர்ந்து அது படநூலைப் புரட்டும்போது, கீழே அச்சிட்டுள்ள வரிகள் தாய்க்குரியவை; மேலே தீட்டியுள்ள ஓவியமே குழந்தைக்குரியது. ‘இவர்களுள் நல்லவர் யார்? தீயவர் யார்?’ என்று தாய் கேட்டால், கதையைக் கேட்கு முன்பே குழந்தையின் விரல் விடையைத் தொட்டுவிடும். பொன்னிறமாகவோ நீலமாகவோ ஒளிவிடும் முகத்தை நல்லவர் என்றும், கரிய மேனியும் கோரைப்பல்லும் பருத்த மூக்கும் உடைய முகத்தைத் தீயவர் என்றும் அது காட்டும். கதை சொல்லுமுன் நிறம் சொல்லிவிட்டது. அவ்வாறு காட்டிய விரல் என்ன நிறம் என்பதைத் தமிழ்ப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் அவ்விரலும் கரியதே.

இராமகதையையும் பாரதத்தையும் சிறு குழந்தைகட்கான வண்ணப் படநூல்களாக்கும் தொழில் இன்று பெருகியுள்ளது. பிறந்தநாள் பரிசாகவும், பள்ளி விழாப் பரிசாகவும், புத்தகக் கண்காட்சியிலிருந்து வாங்கி வரும் பொதியாகவும் அவை வீடு புகுகின்றன. வாங்குவோர் தாளின் வழவழப்பைப் பார்க்கின்றனர், விலையைப் பார்க்கின்றனர். உள்ளே எந்நிறம் எவர்மேல் பூசப்பட்டுள்ளது, எவர் சொன்ன கதை சொல்லப்பட்டுள்ளது, எத்தகைய தமிழில் சொல்லப்பட்டுள்ளது என்று பார்ப்போர் சிலரே. பெரியவர் நூலில் பிழையிருப்பின் அறிவால் திருத்திக்கொள்ளலாம். மழலையர் நூலில் உள்ள பிழை அறிவு முளைக்குமுன் நெஞ்சில் ஊன்றப்படுவது. அதனைப் பின்னர்ப் பிடுங்குதல் அரிது.

இப்படங்கள் வந்த வழியை அறிதல் நன்று. 1894ஆம் ஆண்டில் மும்பைக்கருகே ஓவியர் இரவிவர்மர் நிறுவிய அச்சகம், கடவுளர் உருவங்களைக் கல்லச்சில் வண்ணத்தாள்களாக அடித்துப் பரப்பியது. அதுவரை கோயிற்குள்ளும் அரண்மனைக்குள்ளும் இருந்த உருவங்கள் எளியோர் வீட்டுச் சுவர்களிலும் ஏறின. 1947இல் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா, தொன்மக் கதைகளை மாதந்தோறும் படங்களோடு சிறுவர் கையில் சேர்த்தது. 1967இல் அனந்த பை என்பார் அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார். தில்லித் தொலைக்காட்சியில் நடந்த வினாவிடைப் போட்டியொன்றில், கிரேக்கக் கடவுளரைப்பற்றி விடை சொன்ன மாணவர், இராமன் தாயின் பெயரைச் சொல்லமாட்டாமல் விழித்தனர் என்றும், அதுவே தம்மைத் தூண்டியது என்றும் அவர் கூறிவந்தார். முப்பத்திரண்டு பக்க நூல்களாக வெளிவந்த அவ்வரிசை, 400க்கு மேற்பட்ட தலைப்புகளாக வளர்ந்து, 20 மொழிகளிற் பரவியது. பாரதம் மட்டும் 1980களின் பிற்பகுதியில் 42 நூல்களாக வந்தது. இன்று பொம்மைக்கடையிலும் வானூர்தி நிலையத்திலும் விற்கும் மழலையர் படநூல்கள் பலவற்றின் உருவங்கள், இரவிவர்மர் தாளுக்கும் அனந்த பை வரிசைக்கும் கடன்பட்டவை.

பிள்ளைகள் தம் மண்ணின் கதைகளை அறியவேண்டும் என்ற அனந்த பையின் கவலையைக் குறைகூறுதல் ஆகாது. அது நேரிய கவலையே. ஆனால் அதே அளவுகோலைத் தமிழர் தம் வீட்டில் வைத்து அளந்து பார்க்கவேண்டும். இராமன் தாயின் பெயரைச் சொல்லும் தமிழ்க் குழந்தைக்கு, முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயர் தெரியுமா? கண்ணனின் தோழனை அறிந்த குழந்தைக்கு, நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஒளவைக்கு ஈந்தவனைத் தெரியுமா? இவ்வினா ஒருபுறம் இருக்கட்டும். முதலில், கைக்கு வந்திருக்கும் படநூல் சொல்வதைச் சரியாகத்தான் சொல்கிறதா என்று பார்ப்போம்.

நிறத்திலிருந்தே தொடங்கலாம். வான்மீகியின் இராமன் கருநிறத்தவன். கண்ணனுக்கு வடமொழியில் வழங்கும் பெயரே கரியவன் என்னும் பொருளது. பாரதம் பாடிய வியாசருக்கும் அப்பெயர் உண்டு. பாஞ்சாலியும் தன் கரிய நிறத்தாலேயே அப்பெயரின் பெண்பாற் பெயரைப் பெற்றாள். தொல்காப்பியம் முல்லைநிலத்துக்கு உரியவனாக்கிய மாயோனும் கரியவனே. கம்பரோ இராமனின் கருமையை மையோடும் கடலோடும் முகிலோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டு நிறைவடையாதவர். அரக்கர்கோனாகிய இராவணனையும் வான்மீகி கருமுகிலுக்கே ஒப்பிட்டார். ஆகவே முதனூலில் தலைவனும் கரியவன்; பகைவனும் கரியவன். நிறம் அங்கே அறத்தின் அளவன்று.

படநூலிலோ தலைவனின் கருமை நீலமாகிறது. பாஞ்சாலியின் கருமை சிவந்த மேனியாகிறது. அரக்கனின் கருமை மட்டும் கருமையாகவே நிற்கிறது. இக்கதைகளில் இருவர்க்கும் பொதுவாயிருந்த நிறத்தை ஒருவரிடமிருந்து கழுவி எடுத்துவிட்டு மற்றவர்மேல் மட்டும் விட்டுவைத்தது எந்தப் புலவனும் அல்லன். ஓவியனின் தூரிகையும் அச்சகத்தின் மையுமே. இப்பாகுபாட்டைப் படக்கதைகளை ஆராய்ந்த அறிஞரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

நிறத்தோடு அது நிற்கவில்லை. இலங்கை அரண்மனைக்குள் இராவணனைக் கண்ட அனுமன், அவன் வடிவையும் வலியையும் ஒளியையும் கண்டு வியந்து, அறம் பிழையாதிருந்தால் இவன் வானுலகையும் காக்கத் தக்கவன் என்று எண்ணுவதாக வான்மீகி பாடினார். பகைவனின் தூதனே வியந்த அவ்வழகு படநூலில் எங்கே போயிற்று? பெரியவன் ஒருவன் ஒரு பிழையால் கெட்டான் என்பது காப்பியம் கற்பிக்கும் பாடம். கறுத்து அருவருப்பாய் இருப்பவன் கெட்டவன் என்பது படநூல் கற்பிக்கும் பாடம். முன்னது குழந்தையைத் தன் செயலை எண்ணச் செய்யும். பின்னது பக்கத்திலிருக்கும் பிள்ளையின் தோலைப் பார்க்கச் செய்யும். ஒருநாள் கண்ணாடியில் தன் தோலையும் பார்க்கச் செய்யும். ‘அரக்கி’ என்ற வசவைப் பள்ளி முற்றத்தில் கேட்டு அழுதுவரும் சிறுமிக்கு, அச்சொல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த வழிகளுள் ஒன்று அவள் வீட்டு அலமாரியிலேயே இருக்கக்கூடும்.

இரண்டாவது, எவர் சொன்ன கதை என்னும் வினா. இராமகதை ஒன்றன்று. வான்மீகி சொன்னது ஒன்று. கம்பர் சொன்னது வேறொன்று. இராவணன் சீதையின் கூந்தலையும் தொடையையும் பற்றித் தூக்கினான் என்றார் வான்மீகி. கம்பர் அதனை ஏலாது, நிலத்தோடும் குடிலோடும் பெயர்த்தெடுத்துச் சென்றான் என்று மாற்றினார். விமலசூரி என்னும் சமண முனிவர் பாகதத்திற் பாடிய இராமகதையில் அரக்கர் பேய்களல்லர், ஆற்றல்மிக்க மாந்தரே. அங்கே இராவணனுக்குப் பத்துத் தலையும் இல்லை. அவன் அணிந்த மாலையின் ஒன்பது மணிகளில் அவன் முகம் நிழலாடியதால் பத்துமுகன் எனப்பட்டான் என்பது அக்கதை. அவனைக் கொன்றவனும் இராமன் அல்லன், இலக்குவன்.

இத்தனை வாய்கள் சொன்ன கதையைப் படநூல் ஒரே வாய் சொன்ன கதையாக்கிவிடுகிறது. இலக்குவன் குடிலின்முன் கிழித்த கோட்டைத் தீட்டாத படநூல் அரிது. அக்கோட்டைத் தாண்டியதால்தான் சீதைக்குத் துன்பம் வந்தது என்று பெண்குழந்தைகட்கு அறிவுரையும் சொல்லப்படுகிறது. அந்தக் கோடு வான்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. பின்வந்தோர் சேர்த்தது. சேர்ப்பது பிழையன்று, சேர்த்ததைத் தொன்றுதொட்டு வந்ததாகக் காட்டிப் பெண்மேல் பழிபோடுவது பிழை. ‘இது கம்பர் சொன்ன கதை’, ‘இது வான்மீகி சொன்ன கதை’, ‘இது நாட்டுப்புறத்தார் சொன்ன கதை’ என்று முதற்பக்கத்தில் ஒரு வரி எழுத எவ்வளவு இடம் வேண்டும்? அவ்வொரு வரியைக் கேட்டு வளரும் குழந்தை, கதை என்பது சொல்வோர்க்கேற்ப மாறும் என்னும் பேருண்மையை ஐந்து அகவையிலேயே அறிந்துவிடும்.

மூன்றாவது, மறைப்பு. ஏகலைவன் கட்டைவிரலை அறுத்துக்கொடுத்த கதையை, ஆசிரியர்பால் மாணவன் கொண்ட பற்றுக்கு எடுத்துக்காட்டு என்று முடிக்கும் சிறுவர் நூல்கள் பல. பாரதமோ அதனை அவ்வாறு மட்டும் சொல்லவில்லை. தன்னின் மிக்க வில்லாளன் ஒருவன் காட்டில் இருப்பதை அருச்சுனன் பொறாதிருந்தான் என்றும், விரல் அறுபட்டபின் அவன் உள்ளத்தின் வெம்மை தணிந்தது என்றும் முதனூலே வெளிப்படையாகக் கூறுகிறது. முதனூல் மறைக்காததைப் படநூல் மறைப்பானேன்? குருதி வழியும் விரலைச் சிறு குழந்தைக்குக் காட்டவேண்டியதில்லை; அக்கதையை இன்னும் சில ஆண்டு கழித்துச் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது, ‘அவன் விரலை ஏன் கேட்டார்கள்?’ என்று குழந்தை கேட்கும். அவ்வினாவுக்கு ‘அதுதான் நல்ல மாணவனுக்கு அழகு’ என்று விடையிறுப்பது கல்வியன்று. பள்ளி வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இன்று அதே பள்ளியின் முன்வரிசையில் அமர்ந்து அப்படநூலைப் படிக்கின்றனர் என்பதை எழுதுவோர் மறத்தல் ஆகாது.

நான்காவது, மொழி. படநூல்கள் பல முதலில் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டுப் பின்னர்த் தமிழுக்குப் பெயர்க்கப்படுகின்றன. ஆங்கில எழுத்தில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து, ‘இராமா காட்டிற்குச் சென்றான்’, ‘பீமா கதையை எடுத்தான்’ என்று எழுதுகின்றனர். தமிழில் ‘இராமா’ என்பது விளி. ஒருவனைக் கூப்பிடும் வடிவம். எழுவாய்க்கும் விளிக்கும் வேறுபாடு தெரியாத தமிழைத்தான் குழந்தை தன் முதல் நூலில் கேட்கிறது. வடசொல் தமிழில் வரின் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வருக என்று தொல்காப்பியர் வகுத்தார். அவ்வழி நின்று கம்பர் இலக்குவன் என்றார், வீடணன் என்றார். வில்லிபுத்தூரார் வீமன் என்றார், கன்னன் என்றார். அதனாற் காப்பியம் குறைபட்டதா? அப்பெயர்கள் தமிழ்நாவில் தேனாய் இழிந்தன. ஆயிரம் ஆண்டுக்குமுன் தமிழாகிவிட்ட பெயர்களை இன்று மீண்டும் அயலாக்கிப் பிள்ளைகள் நாவைத் திருகச்செய்வது எவ்வகை முன்னேற்றம்?

இவற்றையெல்லாம் கூறின், ‘இக்கதைகளே தமிழ்க் குழந்தைக்கு எதற்கு? ஒதுக்கித் தள்ளுவோம்’ என்பார் உளர். அவர்தம் உணர்ச்சிக்கு அடிப்படையுண்டு. தென்னவரை அரக்கராகவும் குரங்காகவும் காட்டிய கதை என்னும் குமுறலிலிருந்தே புலவர் குழந்தை 1946இல் இராவண காவியத்தை வெளியிட்டார். 1948இல் அரசு அதனைத் தடைசெய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. இராமகதையை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ்ப் புலவனுக்கு உரிமை கிடைக்க இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின. அவ்வளவு விலைகொடுத்துப் பெற்ற உரிமையை, கதையை ஒதுக்குவதில் கழிப்பதா? சொல்வதிற் பயன்படுத்துவதா? ஒதுக்கினாலும் அக்கதை வீட்டுக்குள் வராமற் போவதில்லை. தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அயலார் சொன்னபடியே வரும். இன்னொன்றும் கூறவேண்டும். இராவணனைத் தலைவனாக்கி மழலையர்க்குப் படம் தீட்ட முனைவோர், அதே மைக்கூட்டை எடுத்து மற்றவன் முகத்திற் பூசித் தீர்த்துக்கொள்ளுதல் கூடாது. ஆளை மாற்றி நிறம் பூசுவது விடையன்று. முகத்தின் நிறத்தால் அறத்தை அளக்கும் பழக்கத்தையே விடவேண்டும்.

தமிழர் இக்கதைகளை எடுத்தாண்ட முறை வேறு. கழகப் பாடல்களைக் காண்க. புறநானூற்றில் ஊன்பொதி பசுங்குடையார் என்னும் புலவர், சோழன் இளஞ்சேட்சென்னியிடம் பரிசு பெற்றதைப் பாடுகிறார். முன்பின் நகை கண்டறியாத அவர் சுற்றத்தார் விரலுக்குரியதைச் செவியிலும் செவிக்குரியதை விரலிலும், இடைக்குரியதைக் கழுத்திலும் கழுத்துக்குரியதை இடையிலும் அணிந்துகொண்டனராம். சீதை நிலத்தில் எறிந்த அணிகலன்களைக் குரங்குகள் அணிந்துகொண்ட காட்சியை அதற்கு ஒப்பாகக் கூறுகிறார். அகநானூற்றில் மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார், பாண்டியரின் கோடிக் கரையில் ஓர் ஆலமரத்தைக் காட்டுகிறார். இராமன் அதன் கீழிருந்து அரிய மறைபொருளை ஆராய்ந்தபோது, கிளைதோறும் ஆரவாரித்த பறவைகள் ஒலியடங்கினவாம். இக்காட்சி வான்மீகியில் இல்லை. தமிழ்க் கடற்கரையில் முளைத்தது. நகையை இடம்மாற்றி அணியும் குரங்குகளும், வாயடங்கிய பறவைகள் நிறைந்த ஆலமரமும் ஆகிய இவ்விரண்டினும் சிறந்த மழலையர் படம் உண்டா? இரண்டிலும் போரில்லை, அரக்கனில்லை, கறுப்பு வெறுப்பில்லை. குழந்தை சிரிக்கும், வியக்கும்.

பாரதமும் அவ்வாறே. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிற் களப்பலியாகும் அரவான், இன்றும் கூவாகத்தில் ஆண்டுதோறும் நினைக்கப்படுகிறான். வடதமிழ்நாட்டுத் துரோபதையம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நிகழும்போது, ஊர்ப்பிள்ளைகள் விடியவிடிய விழித்திருந்து பார்க்கின்றனர். மதுரையை ஆண்ட அல்லி என்னும் அரசி அருச்சுனனை அலையவிட்ட கதையைத் தமிழ்ப் பாட்டிமார் பாடிப்பாடி வளர்த்தனர். பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களை ஒட்டிய கூத்துமாடங்களில், தோற்பாவைகளை விளக்கொளியில் ஆட்டிக் கம்பர் பாடல்களைப் பாடி இரவுதோறும் கதை நிகழ்த்தும் மரபு உண்டு. கேரள மண்ணில் கம்பர் தமிழ் இவ்வாறு வாழ்கிறது. அத்திரையிலே இராமனும் நிழல், இராவணனும் நிழல். யார் நல்லவர் என்பதைச் செயலைக்கொண்டும் சொல்லைக்கொண்டும் அறியவேண்டுமேயன்றித் தோலைக்கொண்டு அறியவியலாது.

மாற்றிச் செய்தல் இயலும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2011இல் ‘சீதையின் இராமாயணம்’ என்று பொருள்படும் படநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது. வங்கத்துச் சுருள்பட ஓவிய மரபில் வந்த மொய்னா சித்திரகார் தீட்டிய படங்களுக்குச் சம்கிதா ஆர்னி கதை எழுதினார். சீதையே தன் கதையைச் சொல்கிறாள். போரில் தோற்றோர் வீட்டுப் பெண்களின் துயரும் அதில் இடம்பெறுகிறது. அது மழலையர்க்கன்று, சற்று வளர்ந்தோர்க்கு. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: அச்சகத்து வார்ப்பைப் பின்பற்றாமல், ஒரு நாட்டு மக்களின் சொந்தத் தூரிகையால் இக்கதையைத் தீட்டலாம், உலகம் அதை விரும்பி வாங்கும். வங்கத்து ஊர்ப்புற ஓவியர்க்கு இயன்றது, தோற்பாவை வெட்டும் தமிழ்க் கைக்கும், கோயிற்சுவரில் கதை தீட்டிய தமிழ் மரபுக்கும் இயலாதா?

ஆகவே தமிழன்பர்கள் செய்யத்தக்கவை சில. படநூல் வாங்குமுன் கடையிலேயே நின்று இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க. நாவில் இடறும் தமிழை விலைகொடுத்து வாங்கற்க. நல்லவரெல்லாம் வெளுத்தும் தீயவரெல்லாம் கறுத்தும் இருக்கும் நூலைத் திரும்ப வைத்துவிட்டு, ஏன் வைத்தோம் என்பதைப் பதிப்பாளர்க்கு ஒரு மடலில் எழுதுக. முன்னமே வீட்டில் உள்ள நூலைக் கிழிக்க வேண்டியதில்லை, குழந்தையோடு அமர்ந்து, ‘இராமனும் உன்னைப்போற் கரியவன்தான், படம் தீட்டியவர் மறந்துவிட்டார்’ என்று சொல்லுக. அவ்வொரு சொல் அந்நூலைத் திருத்திவிடும். ஓவியம் வல்ல இளைஞர் குரங்கணிந்த நகையையும் கோடிக்கரை ஆலையும் தீட்டுக. பாரியின் தேரையும், அதியமானின் கனியையும், மணிமேகலை கையில் வற்றாத அமுதசுரபியையும் அவற்றோடு சேர்த்துத் தீட்டுக. பொருளுடையோர் அவற்றை அச்சிடுக. பள்ளிகளும் ஊர்ப்புற நூலகங்களும் வாங்குக.

கதைகள் எந்நாட்டிலிருந்தும் வரலாம். வந்த கதையைத் தன் நாவால், தன் நெஞ்சால் திருப்பிச் சொல்லும் உரிமையைத் தமிழன் கழகக் காலத்திலேயே எடுத்துக்கொண்டான். கம்பர் அதனைப் பேருருவாக்கினார். அவ்வுரிமையை அவன் பேரப்பிள்ளைகள் தொட்டிற்பருவத்திலேயே இழந்துவிடுதல் கூடாது. நாளை ஒரு தமிழ்த்தாய் படநூலை விரித்து, ‘நல்லவர் யார்?’ என்று கேட்கும்போது, அவள் மடியிலுள்ள குழந்தை விரலை நீட்டாமல், ‘என்ன செய்தார்கள் என்று சொல், பிறகு சொல்கிறேன்’ என்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்குமாயின், அந்நூல் நன்னூல். அத்தகைய நூல் தமிழில் பெருகுக.